துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி

மொசாம்பிக் என்று ஒரு நாடு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது இந்தியப் பெருங்கடல். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பெரிய நாடு அது. மக்கள்தொகை இப்போது மூன்று கோடிக்கு மேல்.

அந்த நாட்டின் கொடியில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் உண்டு. அதன் மேல் மூன்று பொருள்கள் வரையப்பட்டிருக்கும். ஒன்று புத்தகம். ஒன்று மண்வெட்டி. இன்னொன்று துப்பாக்கி. புத்தகம் கல்விக்கு, மண்வெட்டி உழவுக்கு, துப்பாக்கி நாட்டின் காவலுக்கு என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் பல ஆண்டுகள் அங்கே துப்பாக்கிதான் பேசியது. மண்வெட்டியைத் தொட முடியவில்லை. புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

போர் எப்படி வந்தது?

மொசாம்பிக்கைப் போர்த்துக்கீசியர் பல நூறு ஆண்டுகள் ஆண்டார்கள். நம் கோவாவை ஆண்டவர்களும் அவர்களே. ஃபிரெலிமோ என்ற இயக்கம் பத்து ஆண்டுகள் ஆயுதம் ஏந்திப் போராடியது. 1975 ஜூன் 25 அன்று விடுதலை கிடைத்தது. சமோரா மாஷெல் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

விடுதலை கிடைத்த நாளில் அங்கே நூறு பேரில் 93 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருத்துவர், பொறியாளர், கடைக்காரர், லாரி ஓட்டுபவர் என்று பெரும்பாலும் போர்த்துக்கீசியர்களே இருந்தார்கள். அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். போகும்போது இயந்திரங்களை உடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. புதிய அரசு முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று எழுத்தறிவு. 1978இல் நாடு முழுவதும் வகுப்புகள் தொடங்கின. 1980இல் கணக்கெடுத்தபோது, படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு 72 என்று குறைந்திருந்தார்கள்.

அதற்குள் போர் தொடங்கிவிட்டது. பக்கத்து நாடான ரொடீசியாவில் அப்போது வெள்ளையர் ஆட்சி. அதுதான் இன்றைய ஜிம்பாப்வே. கறுப்பின மக்கள் ஆளும் மொசாம்பிக் தன் பக்கத்தில் வலுவாக இருப்பதை அந்த ஆட்சி விரும்பவில்லை. ரெனாமோ என்ற கலகப் படையை அது உருவாக்கியது. 1980க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அரசு அந்தப் படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது.

எல்லாப் பழியையும் வெளியாரின் மேல் போட்டுவிட முடியாது. ஃபிரெலிமோ அரசும் தவறுகள் செய்தது. சிதறிக் கிடந்த குடும்பங்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேறச் சொல்லி வற்புறுத்தியது. ஊர்த் தலைவர்களை ஒதுக்கியது. பழைய வழக்கங்களை இகழ்ந்தது. இதனால் மனம் கசந்த மக்களிடம் ரெனாமோவுக்கு இடம் கிடைத்தது.

போர் பதினாறு ஆண்டுகள் நடந்தது. ரெனாமோ படையினர் பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். மருந்தகங்களை எரித்தார்கள். சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அரசுப் படையும் ஊர்களில் கொடுமை செய்தது. கஹோரா பாசா என்ற பெரிய அணையிலிருந்து மின்சாரம் போகும் கம்பங்கள் தகர்க்கப்பட்டன. அணை இருந்தது, தண்ணீர் இருந்தது, ஆனால் மின்சாரத்தை விற்க வழியில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். போரோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது. சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலுமாகப் பத்து லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 17 லட்சம் பேர் அக்கம்பக்கத்து நாடுகளுக்கு ஓடினார்கள். அவர்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலாவி இடம் கொடுத்தது. மலாவியும் ஏழை நாடுதான். அங்கே ஒரு சமயம் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அகதிகள் இருந்தார்கள்.

கையெழுத்து ஆனது. பிறகு?

இரு தரப்பும் களைத்துப் போயின. எந்தத் தரப்பாலும் வெல்ல முடியவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் வெள்ளை ஆட்சி ஆட்டம் கண்டது. இத்தாலியின் ரோம் நகரில் பேச்சு தொடங்கியது. ஒரு கத்தோலிக்க மக்கள் அமைப்பும், பெய்ரா நகரத்துப் பேராயரும், இத்தாலி அரசும் நடுவில் நின்றார்கள். பேச்சு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 1992 அக்டோபர் 4 அன்று குடியரசுத் தலைவர் சிசானோவும் ரெனாமோ தலைவர் த்லகாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். இன்றும் அக்டோபர் 4 அங்கே விடுமுறை நாள்.

அதே 1992இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் அங்கோலாவில் என்ன நடந்தது தெரியுமா? அங்கும் முந்தைய ஆண்டிலேயே சமாதானம் செய்திருந்தார்கள். பிறகு தேர்தல் வைத்தார்கள். தோற்றவர் கையில் படை அப்படியே இருந்தது. அவர் மறுபடியும் போருக்குப் போய்விட்டார். ஐக்கிய நாடுகள் சபை இதைப் பார்த்துப் பாடம் கற்றது. மொசாம்பிக்கில் முதலில் படைகளைக் கலைப்பது, அதன் பிறகு தேர்தல் என்று முடிவானது. இதற்காகத் தேர்தலை ஓர் ஆண்டு தள்ளிப் போட்டார்கள். பல ஆயிரம் பன்னாட்டு வீரர்கள் காவலுக்கு வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் ராணுவப் பொறியாளர்களும் மற்ற வீரர்களும் போனார்கள்.

நாடு முழுவதும் 49 முகாம்கள் அமைத்தார்கள். இரு தரப்புப் படையினரும் அங்கே வந்து துப்பாக்கியை ஒப்படைத்துப் பெயர் கொடுக்க வேண்டும். முகாமில் காத்திருந்து பொறுமை இழந்தவர்கள் பல இடங்களில் ரகளையும் செய்தார்கள். கடைசியில் 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு ஆண்டுச் சம்பளம் சிறுகச் சிறுகக் கொடுக்க ஏற்பாடு ஆனது. இரு தரப்பையும் சேர்த்து 30 ஆயிரம் பேர் கொண்ட புதிய ராணுவம் அமைப்பதாக ஒப்பந்தம். ஆனால் சேர முன்வந்தவர்கள் சுமார் 12 ஆயிரம் பேர்தான். மற்றவர்களுக்குத் துப்பாக்கி சலித்துவிட்டது. அவர்கள் கேட்டது ஊருக்குப் போகிற வழி.

ரெனாமோ அரசியல் கட்சியாக மாற வேண்டும். கட்சிக்கு அலுவலகம் வேண்டும், வண்டி வேண்டும், பணம் வேண்டும். அதற்காகத் தனி நிதி திரட்டி ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கலகக்காரருக்கு லஞ்சமா என்று கேட்டவர்கள் உண்டு. போர் ஒரு மாதம் நீடித்தால் ஆகும் அழிவோடு ஒப்பிட்டால் அது மலிவான செலவுதான்.

1994 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு 88 பேர் வந்து வாக்களித்தார்கள். வாக்குச் சீட்டில் வேட்பாளர் படமும் சின்னமும் இருந்தன. ஃபிரெலிமோ வென்றது. ரெனாமோவுக்கு 250 இடங்களில் 112 கிடைத்தன. தோற்ற த்லகாமா முணுமுணுத்தார். ஆனால் காட்டுக்குப் போகவில்லை. அப்போதைக்குப் போகவில்லை என்று சொல்வதே சரி.

போரில் நடந்த குற்றங்களுக்கு விசாரணை நடக்கவில்லை. எல்லோருக்கும் பொது மன்னிப்பு. ஊர்களில் மக்களே ஒரு வழி கண்டார்கள். போரிலிருந்து திரும்பிய பையனை ஊர் வைத்தியரிடம் அழைத்துப் போவார்கள். போர்க்களத்து உடையை எரிப்பார்கள். மூலிகை நீரில் குளிப்பாட்டுவார்கள். இறந்தவர்களின் ஆவி அவனைப் பிடித்திருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியா தவறா என்பது வேறு பேச்சு. பையன் மறுபடியும் ஊருக்குள் ஒருவனாக ஆனான், அதுதான் நடந்தது. ஆனால் காலை இழந்தவர்கள், கணவனை இழந்தவர்கள் ஆகியோருக்கு யாரும் இரண்டு ஆண்டுச் சம்பளம் கொடுக்கவில்லை. அது நியாயமாகாது.

நிலத்துக்குள் இருந்த எதிரி

அகதிகள் திரும்பி வந்தார்கள். லாரியில் வந்தவர்களை விட நடந்து வந்தவர்களே அதிகம். வந்தவர்களுக்கு விதையும் மண்வெட்டியும் உணவும் கொடுத்தார்கள். ஆனால் எங்கே வெட்டுவது? மண்ணுக்குள் கண்ணிவெடி இருந்தது.

கண்ணிவெடிக்கு ஒப்பந்தம் தெரியாது. புதைத்தவன் வீட்டுக்குப் போயிருப்பான், அது மட்டும் காத்திருக்கும். பாலத்தின் அடியில், மின்கம்பத்தைச் சுற்றி, கிணற்றுப் பாதையில், பள்ளிக்கூடத்து வாசலில் என்று எங்கும் புதைத்திருந்தார்கள். வரைபடம் கிடையாது. 20 லட்சம் வெடிகள் இருக்கும் என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் அவ்வளவு இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் ஒரு வயலை மூட ஒரு வெடி போதும். அந்த ஒன்று இருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தாலே போதும்.

வெடி எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது? ஓர் ஆள் மண்டியிட்டு உட்காருவார். உலோகம் காட்டும் கருவியைத் தரையின் மேல் மெல்ல நகர்த்துவார். ஒலி வந்தால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார். பெரும்பாலும் அது ஆணியாக இருக்கும், தகரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வெடி என்று நினைத்தே தோண்ட வேண்டும். ஒரு வீட்டு மனை அளவு நிலத்தைப் பார்க்கவே நாள் கணக்கில் ஆகும்.

இந்த வேலைக்கு எலிகளையும் பழக்கினார்கள். கதை இல்லை, உண்மைதான். ஆப்பிரிக்காவில் ஒரு வகைப் பெரிய எலி உண்டு. நம் ஊர்ப் பெருச்சாளியைப் போன்றது. எடை சுமார் ஒரு கிலோ. கண் மங்கல், மூக்கு கூர்மை. தான்சானியா நாட்டில் வைத்து அதற்கு வெடிமருந்தின் வாசனையைப் பழக்குவார்கள். சரியாகக் கண்டுபிடித்தால் வாழைப்பழம் கிடைக்கும். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று கயிறு பிடிப்பார்கள். எலி அந்தக் கயிற்றோடு போய் வரும். வாசனை பிடித்த இடத்தில் மண்ணைப் பிறாண்டும். எடை குறைவு என்பதால் வெடி வெடிக்காது. ஆணியும் தகரமும் அதை ஏமாற்ற முடியாது. மனிதன் சில நாள் பார்க்கும் இடத்தை எலி அரை மணி நேரத்தில் பார்த்துவிடும். பிறகு மனிதர்கள் வந்து வெடியை அழிப்பார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை நடந்தது. 2000இல் பெருவெள்ளம் வந்து சில இடங்களில் வெடிகளை நகர்த்திப் போட்டுவிட்டது. அங்கே மறுபடியும் தேட வேண்டியதாயிற்று. ஒரே ஓர் அமைப்பு மட்டும் 1 லட்சத்து 71 ஆயிரம் வெடிகளை அழித்தது. 2015 செப்டம்பரில், தெரிந்த கண்ணிவெடி நிலம் எதுவும் இனி நாட்டில் இல்லை என்று அரசு அறிவித்தது. ஒரு நாட்டுக்கு இப்படி ஓர் அறிவிப்பு கொடுக்க, போர் முடிந்து 23 ஆண்டுகள் ஆயின.

துப்பாக்கிகளின் கதை வேறு. ஐக்கிய நாடுகள் படை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆயுதங்களைப் பெற்றது. ஆனால் புதைத்து வைத்தவர்கள் பலர். நாளை என்ன ஆகுமோ என்ற பயம்தான் காரணம். 1995இல் அங்குள்ள கிறித்தவ சபைகளின் மன்றம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள், மண்வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. தையல் இயந்திரம், சைக்கிள், கூரைத் தகடு என்றும் கொடுத்தார்கள். நிறைய ஆயுதம் சேர்த்துக் கொடுத்த ஒரு கிராமத்துக்கு டிராக்டரே கிடைத்தது. யார், எங்கிருந்து என்று கேள்வி கேட்கவில்லை. வாங்கிய துப்பாக்கிகளை வெட்டி உடைத்தார்கள். கலைஞர்கள் அந்தத் துண்டுகளை ஒட்டி நாற்காலியும் மரமும் செய்தார்கள். அவை இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நிலம் யாருக்கு?

வெடி போய்விட்டது. இனி வயல் யாருடையது? திரும்பி வந்தவர் கையில் பட்டா இல்லை. போரில் தாலுகா அலுவலகமே எரிந்து போயிருக்கும்போது பட்டாவுக்கு எங்கே போவது? இதற்கிடையில் நகரத்துப் பெரிய மனிதர்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் நல்ல நிலங்களை எழுதி வாங்கத் தொடங்கினார்கள்.

1997இல் ஒரு நிலச் சட்டம் வந்தது. அதன்படி நிலம் எல்லாம் அரசுடையது. விற்கவோ வாங்கவோ முடியாது. ஆனால் ஊர் வழக்கப்படி பயிர் செய்து வருபவருக்குக் காகிதம் இல்லாமலே உரிமை உண்டு. நல்ல நம்பிக்கையோடு பத்து ஆண்டுகள் பயிரிட்டவருக்கும் உண்டு. அக்கம்பக்கத்தார் வாயால் சொல்லும் சாட்சி போதும். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை. வெளியார் நிலம் கேட்டால் ஊரைக் கலந்து பேச வேண்டும். இந்தச் சட்டம் அலமாரியில் தூங்கிவிடக் கூடாது என்று, படக்கதை, ஒலிநாடா, தெரு நாடகம் ஆகியவற்றால் ஊர் ஊராகப் பரப்பினார்கள். போர் முடிந்த நாடுகளில் ஏழைக்குச் சாதகமாக வந்த நல்ல சட்டங்களில் இது ஒன்று.

முந்திரி சொல்லும் கணக்கு

வயலில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டால் வயிறு நிரம்பும். உப்பு, துணி, பள்ளிக்கூடச் செலவுக்குக் காசு வேண்டுமே? மொசாம்பிக் ஏழைக்குக் காசு தரும் மரம் முந்திரி. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. நம் நாட்டுக்கும் அவர்கள் கொண்டுவந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாக முந்திரி விளைந்த நாடு மொசாம்பிக். ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. போரில் மரங்களைப் பார்க்க ஆள் இல்லை. வாங்க வியாபாரி இல்லை. சாலையில் வெடி. விளைச்சல் அடியோடு சரிந்தது.

போருக்குப் பிறகு அரசிடம் பணம் இல்லை. அரசுச் செலவில் பாதிக்கு மேல் வெளிநாட்டு உதவி. பணம் கொடுப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டிய நிலை. முந்திரிக்கொட்டையை உடைக்காமல் ஏற்றுமதி செய்தால் அதற்கு வரி இருந்தது. உள்ளூர்த் தொழிற்சாலைக்குக் கொட்டை கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த வரி. 1995 வாக்கில் உலக வங்கி இந்த வரியைக் குறைக்கச் சொன்னது. வரி குறைந்தால் வெளிநாட்டு வியாபாரி போட்டி போட்டு வாங்குவான், விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கொல்லத்திலும் நம் ஊர்களிலும் பெண்கள் குறைந்த கூலிக்கு உட்கார்ந்து உடைத்தார்கள். மொசாம்பிக்கின் பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அங்கே பருப்பு எடுத்த பெண்கள் உட்பட ஏழெட்டு ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். சரி, விவசாயிக்காவது லாபம் வந்ததா? பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 5 டாலர். மீதியை நடுவில் இருந்த வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே கொட்டை உடைக்கும் பெண்ணும் இதனால் பணக்காரி ஆகவில்லை. கையில் முந்திரிப் பால் பட்ட கொப்புளம்தான் இரு நாட்டிலும் மிச்சம். பிறகு மொசாம்பிக் நாடாளுமன்றம் வரியை மறுபடியும் உயர்த்தியது. சிறிய உடைப்பு ஆலைகள் சில திறந்தன.

மற்றபடி நாடு வளரவில்லை என்று சொல்ல முடியாது. சாலை, பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. நூறு பேரில் 69 பேர் ஏழைகள் என்ற நிலை, 1997க்கும் 2003க்கும் இடையில் 54 ஆகக் குறைந்தது. பெரும்பாலும் சிறு விவசாயிகள் வயலுக்குத் திரும்பியதால் வந்த மாற்றம் இது. 2017 கணக்குப்படி எழுத்தறியாதவர் நூற்றுக்கு 39. பெண்களில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ பாதி. பிறகு பெரிய அலுமினிய ஆலை, நிலக்கரிச் சுரங்கம் என்று வந்தன. எண்கள் ஏறின. அவற்றில் வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்.

2016இல் ஒரு செய்தி வெடித்தது. 2013, 2014 ஆண்டுகளில் அதிகாரத்தில் இருந்தவர்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருந்தார்கள். மீன்பிடி படகு, கடற்காவல் என்று காரணம் காட்டிய கடன்கள் மொத்தம் சுமார் 200 கோடி டாலர். உதவி செய்த நாடுகள் கையை இழுத்துக்கொண்டன. பணத்தின் மதிப்பு விழுந்தது, அரிசி விலை ஏறியது. முன்னாள் நிதி அமைச்சர் 2024இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. கடன் மட்டும் மக்கள் தலையில்.

மறுபடியும் புகை

2013இல் த்லகாமா மறுபடியும் காட்டுக்குப் போனார். அதிகாரத்திலும் ராணுவத்திலும் தம் ஆட்களுக்குச் சொன்ன பங்கு கிடைக்கவில்லை என்றார். சிறு சண்டைகள் விட்டு விட்டு நடந்தன. அவர் 2018இல் இறந்தார். 2019 ஆகஸ்டில் இன்னோர் ஒப்பந்தம் ஆனது. சுமார் 5,000 பேர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். கடைசி முகாம் 2023இல் மூடப்பட்டது. முதல் ஒப்பந்தத்திலிருந்து இதற்கு 31 ஆண்டுகள். 2024 அக்டோபர் தேர்தலில் மோசடி என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். 300க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அந்நாட்டு மக்கள் அமைப்புகள் கணக்கிட்டன.

வடக்கு மூலையில் கபோ டெல்காடோ என்ற மாகாணம் இருக்கிறது. நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 2010இல் அதன் கடலுக்கு அடியில் ஏராளமான எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளில் இந்தியாவின் அரசு எண்ணெய்க் கம்பெனிகளும் உண்டு. ஆலை கட்டக் கடற்கரை வேண்டும். அங்கே இருந்த மீனவர்களும் விவசாயிகளும் கிட்டுண்டா என்ற புது ஊருக்கு மாற்றப்பட்டார்கள். சட்டப்படி கலந்து பேசினார்கள். வீடு நல்ல வீடுதான். ஆனால் மீனவருக்குக் கடல் தூரமாகிப் போனது. வேலை கிடைக்கும் என்று காத்திருந்த உள்ளூர் இளைஞர்கள் பலர் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

2017 அக்டோபரில் அந்த மாகாணத்தில் மதத்தின் பெயரைச் சொல்லும் ஓர் ஆயுதக் கும்பல் தாக்குதலைத் தொடங்கியது. வேலையும் மதிப்பும் இல்லாத இளைஞர்களை அது இழுத்தது. 2021 மார்ச்சில் எரிவாயு ஆலைக்கு அருகில் உள்ள பால்மா நகரம் தாக்கப்பட்டது. ஆலை வேலை நின்றது. ருவாண்டா நாட்டுப் படையும் தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளின் படையும் உதவிக்கு வந்தன. நகரங்கள் மீண்டன. காட்டுப் பகுதியில் தாக்குதல் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் அகதியாகச் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவர்கள் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். பெம்பா என்ற துறைமுக நகரில் சொந்தக்காரர் வீடுகளிலும் கூடாரங்களிலும் தங்கினார்கள். பலர் பின்னர் ஊர் திரும்பினார்கள். திரும்பிய சிலர், விதைத்ததை அறுக்கும் முன்பே மறுபடியும் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.